பூட்டியிருந்த கதவு

சுரங்கத்தில் பாறை வெடித்து ஒரு தொழிலாளி மாண்டுபோனால், உயிரோடிருப்பவர்களை மீட்பதற்கும் பிரேதத்தை வெளியே கொணர்வதற்கும் மேலும் விபத்து நேராமல் காப்பதற்கும் அவசியமான காரியங்கள் நீங்கலாக, அதிகாரி வந்து பார்க்கும்வரை அவ்விடத்தில் எதையும் கலைக்கலாகாது என்று 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் 23-வது பிரிவு விதித்திருந்தது, சாம்பியன் ரீப்பிலும் மாரிகுப்பத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கி உழைத்த நம் கோலார் தங்கவயல் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. அந்த ஜாக்கிரதையில் ஒரு பங்காவது 2008-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி காலையில் டெல்லியை அடுத்த நொய்டாவில் காட்டப்பட்டிருந்தால், ஆருஷி தல்வார் என்ற சிறுமியைக் கொன்றவர் யார் என்பது இன்றளவும் தெரியாமலிருக்கும் நிலை நேர்ந்திராது என்றே நான் எண்ணுகிறேன்.

14 வயது நிறையச் சில தினங்களே இருந்த அந்தப் பெண் தன் படுக்கையறையில் கழுத்தறுபட்டுக் கிடந்தாள். அயலாரும் உறவினரும் பத்திரிகையாளரும் அறைக்கு அறை நடமாடினார்கள். சாவு வீட்டில் ஜனங்கள் கூடுவது இயல்பு; நம் லைன் வீடுகளில் ஒருவர் இறந்தால் வரிசை முழுவதும் திரண்டு வந்துவிடும். ஆகையால் வந்தவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்று தடுத்திருக்க வேண்டியவர்கள் போலீசார். மொட்டைமாடிக் கதவில் இரத்தக்கறை தென்பட்டும், கதவு பூட்டியிருக்கிறது, சாவியைக் காணோம் என்ற அற்பக் காரணத்தால் அதை உடைக்காமலே விட்டு, காணாமற்போன நேபாளத்து வேலைக்காரர் ஹேமராஜையே கொலைகாரரெனத் தீர்மானித்து அவரைத் தேடப் புறப்பட்டார்கள். மறுநாள் அக்கதவைத் திறந்தபோது, அவரும் கொலையுண்டு மாடியில் கிடந்தார்.

அதன்பின் சந்தேகம் பெற்றோரிடம் திரும்பியது. ஒரு வீட்டுக்குள் குழந்தை கொல்லப்பட்டால் அவ்வீட்டாரை விசாரிப்பது நியாயமே. ஆயினும் விசாரணை வேறு, அனுமானம் வேறு. மே 23-ஆம் தேதி தந்தையைக் கைது செய்த போலீஸ் உயரதிகாரி, தக்க ருசு ஏதுமின்றி, மாண்டுபோன சிறுமியின் நடத்தையையே பத்திரிகையாளர் முன்னிலையில் பழித்துப் பேசியதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது. டெலிவிஷனில் தாய் அழவில்லை என்பதைக்கூடக் குற்றத்துக்கு அடையாளமாகக் கொண்டவர்கள் பலர். துக்கம் எல்லா முகங்களிலும் ஒரே விதமாகவா தோன்றும்?

பின்னர் வழக்கை ஏற்ற சி.பி.ஐ., முதலில் வேறு மூன்று வேலையாட்களைப் பிடித்து விடுவித்து, 2010 டிசம்பரில் போதிய சாட்சியமில்லை என்று வழக்கை முடிக்க அனுமதி கோரியது. நீதிமன்றம் அதை நிராகரித்துப் பெற்றோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 அக்டோபர் 12-ஆம் தேதி அலகாபாத் உயர்நீதிமன்றம், சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி பூர்த்தியாகவில்லை என்று கண்டு இருவரையும் விடுதலை செய்தது. சில எண்களை முன்கூட்டியே சரியெனக் கொண்டு கணக்குப் போடும் ஆசிரியரைப்போல விசாரணை நீதிபதி நடந்துகொண்டார் என்றும் தீர்ப்பில் கண்டித்தது.

இவ்வளவிலும் ஹேமராஜை நினைத்தவர்கள் சொற்பம். ஒரு நாள் கொலைகாரர் என்றும், மறுநாள் முதல் அந்தச் சிறுமியோடு சேர்த்து அவதூறாகவும் பேசப்பட்ட அவருடைய மரணத்துக்கு எவரும் பதில் சொல்லவில்லை. உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து சி.பி.ஐ. மேல்முறையீடு செய்வதற்கு முன்னரே, அவருடைய மனைவி சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்திருந்தார்.