ரப்பர் காட்டுக்குள் வந்த உளவுத்துறை



சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், கோலப்பிலா, தம்பின் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, காலமெல்லாம் பால் வெட்டி ஓய்ந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, தலைமைப் பொறுப்பை என்னிடம் தந்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு என் நன்றி.

உளவுத்துறைகளுக்கும் பயங்கரவாதக் குழுக்களுக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் தொடர்புகளே நம் பொருள். அழைப்பிதழைப் பார்த்த சிலர், இதைக் கொழும்பிலோ டில்லியிலோ பேசலாமே, தோட்டப்புறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மற்ற இடங்களில் குற்றச்சாட்டாகப் பேசப்படுவது இந்த மண்ணில் பதிவான வரலாறாக இருக்கிறது. அதனால் இங்கிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அதுவரை கம்யூனிஸ்டுகளைப் பிடித்துச் சிறையிலடைத்தும் நாடு கடத்தியும் வந்த பிரிட்டிஷ் அரசு, அந்த மாதமே அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. சிங்கப்பூரில் 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளி என்ற பெயரில் ஒரு ரகசிய நிலையம் இருந்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி அங்கே ஆட்களை அனுப்பியது. வெடி வைப்பதும் தண்டவாளம் தகர்ப்பதும் எதிரிக்குப் பின்னால் பதுங்கியிருந்து தாக்குவதும் அங்கே பாடமாயின. சில வாரங்களுக்குள் பயிற்சி முடித்தவர்கள் ஏறக்குறைய 165 பேர். முதல் அணி சிலாங்கூர் காட்டுக்குப் போனது. இரண்டாம் அணி நம் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் இரண்டாம் பிரிவு இப்படித்தான் இங்கே உருவாயிற்று. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? 1942 மார்ச்சில் ஜெலுபு மாவட்டத்துத் தித்திக்கு அருகிலுள்ள ஒரு குடியிருப்பில் ஜப்பானியர் ஆயிரத்துக்கும் அதிகமான சீனர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றார்கள். பயிற்சி கொடுத்த அரசின் படையோ அதற்கு முந்தைய மாதமே சிங்கப்பூரில் சரணடைந்திருந்தது.

அதே 1941 டிசம்பரில், வடக்கே கெடாவில் இன்னோர் உளவு அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. மேஜர் புஜிவாரா இவாய்ச்சியின் தலைமையில் வந்த ஜப்பானிய 'எஃப் கிகான்', பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்களைத் தன் பக்கம் திருப்பியது. கேப்டன் மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவம் அங்கிருந்து தொடங்கியது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு நம் தோட்டத்துப் பிள்ளைகள் கத்தியையும் வாளியையும் போட்டுவிட்டு அதில் சேர்ந்தார்கள். அது பயங்கரவாதக் குழு அல்ல. ஆனாலும் அதன் பிறப்பில் ஓர் அந்நிய உளவுத்துறையின் கை இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கை இருந்தது என்பதற்காக, இம்பால் பாதையில் செத்துப்போன நம் ஆட்களை யாராவது ஜப்பானியனின் பொம்மை என்றால் அதை நான் ஏற்க மாட்டேன். இந்த வேறுபாட்டை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கதைகளுக்கும் இது வேண்டியிருக்கும்.

மீண்டும் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு வருகிறேன். அங்கே லாய் தெக்கின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும். வியட்நாமில் பிறந்தவர். அங்கே பிரெஞ்சுக் காவல்துறைக்கு உளவு சொன்னவர். 1930களில் சிங்கப்பூர் வந்து பிரிட்டிஷ் காவல்துறையின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சுக்கு வேலை செய்தபடியே கட்சிக்குள் மேலே மேலே ஏறினார். அவருக்கு இடைஞ்சலாக இருந்தவர்களைக் காவல்துறையே பிடித்து அகற்றிக்கொண்டிருந்தது. 1939இல் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளரே அவர்தான். 1942இல் ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் அவரைப் பிடித்தபோது அவர்களுக்கும் ஆளானார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி, பத்துமலை அருகே கட்சியின் முன்னணித் தலைவர்களும் படைத் தளபதிகளும் கூடிய கூட்டத்தை ஜப்பானியர் விடியற்காலையில் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். பலர் அங்கேயே மாண்டனர். பொதுச் செயலாளர் மட்டும் வரவில்லை. கார் பழுதாகிவிட்டது என்று பின்னால் காரணம் சொன்னார். 1943 இறுதியில் பேராக் காட்டுக்குள் பிரிட்டிஷ் ரகசியப் படையான 136ஆம் படையோடு ஆயுத உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டவரும் இதே மனிதர்தான். 1947 மார்ச்சில் தோழர்கள் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்சிப் பணத்தோடு மறைந்தார். அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார்.

மூன்று அரசுகளுக்கு உளவு பார்த்த ஒருவர் ஓர் ஆயுத இயக்கத்தின் உச்சியில் எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்தார். உளவுத்துறைத் தொடர்பு என்று பேசும் எவரும் இதைவிடப் பெரிய சான்று காட்ட முடியாது. ஆனால் இதைக் கொண்டு அந்த இயக்கமே பிரிட்டிஷ்காரன் நடத்திய நாடகம் என்று முடிவு கட்டினால், காட்டில் பசியிலும் மலேரியாவிலும் செத்த ஆயிரக்கணக்கானோரின் நம்பிக்கைக்கு என்ன பதில்? தலைவன் விலைபோனான், தொண்டன் போகவில்லை. பின்னாளில் அந்தத் தொண்டர்களில் சிலர் செய்த கொலைகளுக்கும் அவர்களே பொறுப்பு. லாய் தெக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர்கள் நழுவ முடியாது.

போர் முடிந்ததும் படை கலைக்கப்பட்டது. துப்பாக்கியை ஒப்படைத்தவருக்கு ஆளுக்கு 350 டாலர். பின்னாளில் லாய் தெக்கின் இடத்துக்கு வந்த சின் பெங்குக்கு பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது. சில ஆண்டுகளில் அதே சின் பெங்கின் தலைக்கு 2,50,000 டாலர் விலை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது காட்டுக்குள் மீண்டும் வெளிவந்த துப்பாக்கிகளில் பல, 136ஆம் படை விமானத்திலிருந்து போட்டவை, ஒப்படைக்கப்படாமல் புதைத்து வைக்கப்பட்டவை.

அந்தத் துப்பாக்கிகளுக்கும் அரசுக்கும் நடுவே இருந்தவை நம் தோட்டக் குடியிருப்புகளான லயங்கள். சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. விடிகாலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து பால்காட்டுக்குப் போகிறவர்கள் வேலிக் கதவில் வரிசையில் நிற்க வேண்டும். வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். வெயிலேறினால் பால் இறங்காது என்பது மரம் வெட்டுகிறவருக்குத் தெரியும், சோதனை போடுகிறவனுக்குத் தெரியாது. காட்டுக்குள் ஒருபிடி சோறுகூடப் போகக்கூடாது என்பதால் வேலைக்குச் சோறு கொண்டுபோகத் தடை. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், அன்றைக்கே தின்று தீர்த்தாக வேண்டும். பக்கத்துச் செமினியில் பெண்களை ஆடை களைந்து சோதித்த விவகாரம் 1956இல் அரசு விசாரணை வரைக்கும் போயிற்று.

இரவில் காட்டிலிருந்து வருகிறவன் அரிசி கேட்பான். கொடுத்தால் அரசுக்குக் குற்றவாளி, மறுத்தால் அவனுக்குத் துரோகி. பகலில் ஸ்பெஷல் பிராஞ்சுக்காரர் வந்து, யார் வந்தார்கள் என்று கேட்பார். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. 1952இல் ஜெனரல் டெம்ப்ளர் வந்த பின் உளவுதான் போரின் முதுகெலும்பாயிற்று. காட்டிக்கொடுத்தால் பணம் என்று தமிழிலும் துண்டறிக்கைகள் வானத்திலிருந்து விழுந்தன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தேகம் அவசரகாலம் முடிந்த 1960 ஜூலை 31ஆம் தேதியோடு முடியவில்லை. "அவங்க அப்பா அந்தக் காலத்திலே காட்டிக்கொடுத்தவர்" என்ற பேச்சால் சம்பந்தம் முறிந்த குடும்பங்களைப் பற்றி இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.

எஸ்.ஏ. கணபதியை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து வந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். கட்சிக்காரர்தான், அதை அவர் ஒளிக்கவில்லை. ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேருவின் அரசு கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. லாய் தெக்கை ஆண்டுக்கணக்கில் காசு கொடுத்துப் பராமரித்த அதே அரசுதான், கூலி உயர்வு கேட்ட சங்கத் தலைவரைத் தூக்கில் போட்டது. எனக்கு இது ஆறவே இல்லை.

இவற்றுக்கெல்லாம் கோப்பு எங்கே என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பீர்கள். 1957இல் மெர்டேக்கா எனும் சுதந்திரத்துக்கு முன்பு, கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் காகிதங்களைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு ஏற்றிப்போய் எரித்தார்கள். எஞ்சியவற்றில் ஒரு பகுதி பல காலனிகளின் கோப்புகளோடு இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டிக் கிடந்தது. கென்ய முதியவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்த பிறகு 2011இல்தான் அது வெளியே தெரிந்தது. வழக்குப் போட்டவர்கள் கிழவர்களும் கிழவிகளும். பல்கலைக்கழகங்கள் அல்ல.

இனிக் கடலுக்கு அப்பால். இலங்கையைப் பற்றி இந்த அரங்கில் நான்கு கட்டுரைகள் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1983க்குப் பின் இந்திய உளவுத்துறையான ரா ஈழத் தமிழ் ஆயுதக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாச, இந்திய அமைதிப்படையை வெளியேற்றுவதற்காக விடுதலைப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி, 1993 மே முதல் நாள் பிரேமதாச. நம்மவர் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நமக்குப் பிடித்த இயக்கம் செய்த கொடுமை எதுவானாலும் 'அது ராவின் வேலை, அது சி.ஐ.ஏ.யின் வேலை' என்று தள்ளிவிடுவது. ஆயுதம் கொடுத்த கைக்கும் சுட்ட கைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய ஆய்வாளனுக்கு உரிமை கிடையாது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். முன்கூட்டியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று அன்றைய ஜனாதிபதியையும் உளவுத் தலைவர்களையும் இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இது தீர்ப்பு. அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4, ராணுவ உளவு அதிகாரி சுரேஷ் சலே 2018இல் அந்தக் குண்டுதாரிகளைச் சந்தித்தார் என்று ஒரு சாட்சியைக் காட்டியது. அவர் மறுத்தார். அந்தக் காலத்தில் தாம் மலேசியாவில் தூதரகப் பணியில் இருந்ததாகச் சொன்னார். இது குற்றச்சாட்டும் மறுப்பும். இரண்டையும் ஒரே வரியில் ஒரே எடையில் எழுதும் கட்டுரைகளை இந்த அரங்கு ஏற்காது.

நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். அதே 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளை ஆதரித்ததாக, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் 12 பேர் கைதானார்கள். இங்கே சிரம்பான் ஜெயாவின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன் அவர்களில் ஒருவர், மலாக்கா காடேக் தொகுதியின் ஜி. சாமிநாதன் இன்னொருவர். டாக்சி ஓட்டியவரும் ஆசிரியரும்கூட இருந்தார்கள். இயக்கம் போர்க்களத்தில் அழிந்து பத்தாண்டு ஆகியிருந்தது. கைப்பேசியில் இருந்த படங்களும் ஒரு நினைவுக் கூட்டமும் சான்றாக வந்தன. தீபாவளியைப் பிள்ளைகள் தகப்பனில்லாமல் கழித்தார்கள். நவம்பரில் ஜாமீனை மறுக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் சொன்னது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பில்லை என்று எல்லா வழக்குகளையும் கைவிட்டார். ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்த இயக்கத்தின் வெளிநாட்டு ஆயுதக் கொள்முதலை ஆண்டுக்கணக்கில் நடத்திய குமரன் பத்மநாதன் 2009 ஆகஸ்டில் கோலாலம்பூரில் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டார். பின்னால் அரசின் அரவணைப்பில் கிளிநொச்சியில் சிறுவர் இல்லம் நடத்தினார். ஆயுதம் வாங்கியவருக்கு அரவணைப்பு, படம் வைத்திருந்தவருக்குச் சொஸ்மா.

ஊடுருவுவது, ஆயுதம் கொடுப்பது, கண்டும் காணாமல் விடுவது, சம்பந்தமில்லாதவன் மேல் முத்திரை குத்துவது ஆகிய எல்லாவற்றையும் 'தொடர்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வியும் காட்ட வேண்டிய சான்றும் வேறு. கட்டுரை படிப்பவர்கள் தாங்கள் எதைச் சொல்கிறோம் என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது கட்டளையாகவே இருக்கட்டும். நாளை பிற்பகல் வாய்மொழி வரலாற்று அமர்வு. தோட்டத்துப் பெரியவர்கள் பேசும்போது, காட்டிக்கொடுத்தவர் என்று யாருடைய பெயராவது வந்தால் அதை ஒலிப்பதிவில் மூடிவையுங்கள், கட்டுரையில் எழுதாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் இதே ஊர்களில்தான் இருக்கின்றன. அவர் காசுக்காகச் சொன்னாரா, அடிதாங்காமல் சொன்னாரா, சொல்லவே இல்லையா என்று தெரிந்துகொள்ள நம்மிடம் கோப்பு இல்லை. பெரிய பதவியில் இருந்தவர்களின் பெயர்களைத் தயங்காமல் எழுதுங்கள். ஆவணம் உள்ள இடத்தில் ஆவணத்தோடு எழுதுங்கள்.

முதல் அமர்வு ஜெலுபு, கோலப்பிலா காடுகளில் 1942 முதல் 1945 வரை நடந்தவை பற்றியது. மூன்று கட்டுரைகள், ஆளுக்கு இருபது நிமிடம். காது சரியாகக் கேட்காத பெரியவர்கள் இடப்பக்க ஒலிபெருக்கிக்கு அருகே வந்து அமரலாம், தம்பிமார் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.