காவலுக்கும் ஒரு காவல் வேண்டும்



மதுரையில் கோவலன் மாண்டது போர்க்களத்தில் அன்று. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான், அரசன் உசாவாமல் நம்பினான், ஊர்காப்பாளர் விரைந்தனர். அக்காவலருள்ளும், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்றவர் இருந்தனர். ஆயினும் ஐயம் தீருமுன் ஒருவன் வாள் வீசிவிட்டான். சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாக மட்டுமே சொல்லிச் செல்வோர் பலர். அதனுள் ஒரு நகரக் காவலின் கதையும் இருக்கின்றது. குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவன் முறைமன்றம் காணாமலே காவலர் கையில் உயிரிழந்த கதை அது.

அதன்பின் நடந்ததே பெரிது. கணவனை இழந்த ஒரு பெண், வேற்று நாட்டாள், கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். வாயில் அவளுக்குத் திறந்தது. அவள் சொல்லை அரசன் கேட்டான். சான்று உடைக்கப்பட்டது, மாணிக்கப் பரல் தெறித்தது. காவலரை ஏவிய கை அரசனின் கை என்பதற்காக அந்த முறையீடு தள்ளப்படவில்லை. குடிமகள் ஒருத்தி, அரசின் காவல் தவறிவிட்டது என்று முறையிட்டு மெய்ப்பிக்க இயன்ற அவை அது. அத்தகைய அவை இன்றைய பெருநகரங்களில் எங்கே இருக்கின்றது? இதுவே இவ்வுரையின் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடி எழுபது ஆண்டுகளாகப் போராடிவரும் ஒரு நகரம் உண்டு. அது நியூயார்க்கு. அதன் வரலாறு வெற்றி வரலாறும் அன்று. தோல்வி வரலாறும் அன்று. அதிகாரம் தன்னைத் தானே எவ்வாறு காத்துக்கொள்ளும் என்பதற்கும், மக்கள் விடாது முயன்றால் அக்காப்பை எவ்வளவு தளர்த்த இயலும் என்பதற்கும் அது சான்று.

1950இல் அந்நகரின் பதினெட்டு அமைப்புகள் ஒன்றுகூடி, கருப்பின மக்களையும் பிற சிறுபான்மை மக்களையும் காவலர் நடத்தும் முறையைத் தட்டிக் கேட்கத் தொடங்கின. அதன் விளைவாக 1953இல் குடிமக்கள் முறையீட்டு ஆய்வு வாரியம் அமைந்தது. பெயரில் குடிமக்கள் இருந்தனர், வாரியத்திலோ இல்லை. அதில் அமர்ந்த மூவரும் காவல்துறையின் துணை ஆணையர்களே. முறையிட வந்தவன், எவர்மேல் குறை சொன்னானோ அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே நயன்மை கேட்டு நின்றான். கரும்புத் தோட்டத்திற்கு யானையே காவல் என்றால் கரும்பு எஞ்சுமா?

1966இல் மாநகரத் தலைவர் சான் இலிண்டுசே அவ்வாரியத்தை மாற்றினார். எழுவரில் நால்வர் பொதுமக்கள், மூவர் காவல்துறையினர். ஒரே ஒருவர் மிகுதி, அவ்வளவே. அதனையும் காவலர் கழகம் பொறுக்கவில்லை. நகர மக்களிடம் வாக்கெடுப்புக் கோரியது. இரவில் சுரங்கத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து தனியே வெளிவரும் ஓர் இளம்பெண்ணின் படத்தைச் சுவரொட்டியாக்கி, காவலரின் கையைக் கட்டினால் இவளை யார் காப்பார் என்னும் அச்சத்தை ஊரெங்கும் விதைத்தது. இராபர்ட்டு கென்னடி, சேக்கப்பு சேவிட்சு என்னும் இரு மேலவை உறுப்பினரும் வாரியத்துக்குத் துணை நின்றனர். அவர்கள் எதிரெதிர்க் கட்சியினர். ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் வாக்காளருள் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாரியத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். அது மீண்டும் காவல்துறையின் கைக்குப் போயிற்று.

பெருமக்களே! இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கருதத்தக்க பாடம் ஒன்று உண்டு. மக்களின் உரிமையை எப்போதும் ஆள்வோரே பறிப்பதில்லை. அச்சம் ஊட்டப்பட்ட மக்கள் தம் கையாலேயே அதனை எடுத்துக் கொடுத்துவிடுவர். திருடனுக்கு அஞ்சுகின்றவன், காவலன் செய்யும் பிழையைக் காணாதவன்போல் இருக்கப் பழகுவான். அடி தன் முதுகில் விழும்வரை அப்பழக்கம் தொடரும்.

இருபது ஆண்டுகள் கடந்தன. 1987இல் வாரியம் மீண்டும் திருத்தப்பட்டு, பன்னிருவரில் அறுவர் பொதுமக்களாயினர். அடுத்த ஆண்டு ஆகத்துத் திங்களில் தாம்கின்சு சதுக்கப் பூங்காவில் கூடிய மக்கள்மேல் காவலர் தடியோடு பாய்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. காவலர் பாதி அமர்ந்த அவை போதாது என்பது வெளிப்படையாயிற்று.

அந்நகரின் முதல் கருப்பின மாநகரத் தலைவரான தேவிட்டு திங்கின்சு, முழுவதும் பொதுமக்களே அமரும் வாரியம் வேண்டும் என்றார். அதற்கு எதிராக 1992 செப்தம்பர் 16இல் ஏறத்தாழ பத்தாயிரம் காவலர் நகர மன்றத்தின்முன் திரண்டனர். தடுப்புகளைத் தாண்டி மன்றத்தின் படிகளில் ஏறினர். புரூக்கிலின் பாலத்தை அடைத்துப் போக்குவரத்தை நிறுத்தினர். ஒழுங்கைக் காக்க ஊதியம் பெறுவோரே ஒழுங்கைக் குலைத்த அந்நாளில், அவர்களை அடக்க அங்கே எவரும் இலர். வாரியம் ஏன் வேண்டும் என்பதை அதன் பகைவரே மெய்ப்பித்துக் காட்டினர் என்க.

1993 சூலையில் புதிய வாரியம் பணி தொடங்கியது. உறுப்பினர் பதின்மூவர். ஐவரை மாநகரத் தலைவரும், ஐவரை நகர மன்றமும், மூவரைக் காவல் ஆணையரும் முன்மொழிந்தனர். காவற்பணியில் இருக்கும் ஒருவரும் அதில் அமர இயலாது. அளவுக்கு மீறிய வன்முறை, அதிகாரத்தைத் தவறாகக் கையாளல், மதிப்பின்றி நடத்தல், இனத்தையும் பாலையும் இழித்துப் பேசல் ஆகிய நால்வகை முறையீடுகளை அது ஏற்றது. சான்றுகளையும் சான்று கூறுவோரையும் கட்டளையிட்டு வரவழைக்கும் ஆற்றலும் அதற்குக் கிடைத்தது. காவலர் அல்லாதாரே உசாவல் அலுவலராயினர்.

இவ்வளவும் கிடைத்தபின் எல்லாம் சரியாயிற்றா என்று சிலர் வினவுவர். இல்லை. வாரியம் உசாவலாம்; குற்றம் உண்டு என்று தெளியலாம்; இன்ன ஒறுப்பு வேண்டும் என்று பரிந்துரைக்கலாம். இறுதி முடிவு காவல் ஆணையரின் கையிலேயே விடப்பட்டது. பல் உண்டு, கடிக்கும் உரிமை இல்லை என்றாற்போல இருந்தது நிலை.

2014 சூலை 17இல் எரிக்கு கார்னர் என்னும் கருப்பின மாந்தரை, வரி செலுத்தாத வெண்சுருட்டை விற்றார் என்று காவலர் வளைத்தனர். ஒரு காவலர் அவர் கழுத்தைக் கையால் இறுக்கி வீழ்த்தினார். மூச்சுவிட இயலவில்லை என்று அவர் பலமுறை சொல்லியும் எவரும் செவி சாய்க்கவில்லை. அவர் இறந்தார். கழுத்தை இறுக்கும் அச்செயலைக் காவல்துறையின் சொந்த விதியே 1993 முதல் தடைசெய்திருந்தது. அக்காவலர்மேல் குற்ற வழக்குத் தொடரப் பெருநடுவர் குழு மறுத்தது. 2019இல் நடுவணரசும் கைவிட்டது. எல்லாக் கதவுகளும் அடைபட்டபின் திறந்திருந்தது ஒன்றே: குடிமக்கள் வாரியம். 2012இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, துறையின் உள்மன்றத்தில் வழக்கை நடத்தும் உரிமை வாரியத்தின் வழக்கறிஞருக்கு இருந்தது. அவர்கள் வழக்காடினர். 2019 ஆகத்து 19இல் அக்காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஐந்தாண்டு கழித்துக் கிடைத்த அரை நயன்மைதான் அது. அவ்வாரியம் இல்லையேல் அந்த அரையும் இல்லை.

அவ்வாண்டு நவம்பரில் அந்நகர மக்கள் மீண்டும் வாக்களித்தனர். 1966இல் வாரியத்தைச் சாய்த்த அதே நகரம், இம்முறை அதனை வலுப்படுத்தியது. உறுப்பினர் பதினைவர் ஆயினர். ஆட்சியாளர் சினந்து பணத்தை வெட்டிவிடாதவாறு, வாரியப் பணியாளர் தொகை காவலர் தொகையோடு விழுக்காட்டுக் கணக்கில் பிணைக்கப்பட்டது. வாரியத்தின் பரிந்துரையினின்று ஆணையர் விலகினால், அதற்கான கரணியத்தை எழுத்தில் தரவேண்டும் என்பதும் விதியாயிற்று. 2020 சூனில், காவலரின் ஒழுங்கு ஆவணங்களை 1976 முதல் மூடிவைத்திருந்த மாநிலச் சட்டப் பிரிவும் நீக்கப்பட்டது.

காவலரைக் காவலரே அறிவர். உயிரைப் பணயம் வைத்து உழைப்போரை வெளியார் எடை போடலாமா என்பர் சிலர். காவற்பணி கடினமானது, அதில் ஐயமில்லை. நள்ளிரவில் கத்தியோடு நிற்பவன்முன் ஒரு நொடியில் முடிவெடுக்கவேண்டிய நிலை எளியதன்று. ஆயின் மருத்துவரின் பணியும் கடினமே. அவர் பிழை வழக்காகின்றது. முறைமன்ற நடுவரின் பணியும் கடினமே. அவர் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உட்படுகின்றது. தடியும் சுடுகலனும் தாங்குவோர்க்கு மட்டும் ஆய்வு இல்லை என்பது எவ்வகை முறை? அன்றியும், முறையீடு அனைத்தும் மெய்யாவதில்லை. வெளியார் நேர்மையாய் உசாவிப் பழியின்றி விடுவித்த காவலரின் பெயரே ஊரார்முன் தூய்மை பெறும். தன் துறையே தன்னை விடுவித்தால் அதனை நம்புவார் யார்?

இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போம் என்பதினும், தமிழ்நாடு தன்னைத்தானே பார்க்கட்டும் என்பதே பொருந்தும். உத்தரப்பிரதேசத்திலும் அசாமிலும் காவல்துறைக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற பிரகாசு சிங் என்பார் 1996இல் தொடுத்த வழக்கில், 2006 செப்தம்பர் 22இல் இந்திய உச்சமுறை மன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றுள் ஒன்று, காவலர்மேல் வரும் முறையீட்டை ஏற்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது. மாநில அளவில் உயர்முறை மன்றத்திலோ உச்சமுறை மன்றத்திலோ இருந்து ஓய்வுபெற்ற நடுவரும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நடுவரும் அதற்குத் தலைமை தாங்கவேண்டும் என்றது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலரிடமும், உறுப்பாண்மையைக் காவல்துறை உயரலுவலரிடமும் கொடுத்தது. மாவட்டத்தில் ஆட்சியரும், உடன் காவல் கண்காணிப்பாளரும். நியூயார்க்கு 1953இல் செய்து, தவறென்று கண்டு, கைவிட்ட அதே அமைப்பு!

ஏழாண்டு கழித்து, 2020 சூனில், சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல்நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. உசாவச் சென்ற குற்றவியல் நடுவரையே அந்நிலையத்தில் இழித்துப் பேசினர். அதன்மேல் உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளை, அக்காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் எடுக்கச் சொல்ல நேர்ந்தது. அந்த இருளில் ஒரு விளக்கு எரிந்தது. அங்குப் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவெல்லாம் அடித்தனர் என்று அஞ்சாது சான்று கூறினார். கோவலன்முன் ஐயுற்று நின்ற காவலரின் மனச்சான்று இன்றும் சாகவில்லை என்பதற்கு அவரே சான்று. அத்தகையோர் தம் துறைக்குள்ளேயே அஞ்சி ஒடுங்காமல், வந்து நின்று உண்மை உரைக்க ஓர் அவை வேண்டாவா?

வள்ளுவப் பேராசான் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் வெருவந்த செய்யாமையை வைத்தார். குடிகள் அஞ்சும் செயலைச் செய்யாதிருத்தலும் ஆட்சியின் இலக்கணமே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

ஆகவே தமிழ்ப் பெருமக்கள் கேட்கவேண்டியவை நான்கே. ஆணையத்தில் காவல்துறையோ அதனை ஏவும் செயலரோ அமரலாகாது. உசாவலுக்குத் தனி அலுவலர் வேண்டும். அதன் பணம் ஆட்சியாளரின் விருப்பத்தைச் சாராதிருக்க வேண்டும். அதன் பரிந்துரையை மறுப்பவர் கரணியத்தை எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். இவை காவலர்க்குப் பகையல்ல. நேர்மையான காவலர்க்கு அரண்.

கண்ணகிக்குப் பாண்டியன் வாயில் திறந்தது. ஆயின் அது கோவலன் இறந்தபின். இனி ஒரு மகன் சாவதற்கு முன்னரே அவ்வாயில் திறந்திருக்கட்டும்!

வெல்க அறம்! வாழ்க தமிழ்!