முடியாத கணக்கை ஒப்படைக்கிறேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பொறுப்பு விடும் கணக்காளர் பேசியது)



நம்ம கூட்டமைப்பில் 18 குழு. நோட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுற வேலை 11 குழுவுக்கு முடிஞ்சிருக்கு. 7 குழு பாக்கி. நாங்க குடும்பத்தோட மறைமலைநகர் போறதால, இந்த மாசத்தோட ரெண்டு தங்கைகள் கையில் பொறுப்பைக் கொடுக்கிறேன். "முடிச்சுட்டே கொடுத்துடேன்"னு சில அக்கா சொன்னாங்க. ஒரு வாரத்துல முடிக்கலாம், ஆனா அது கணக்கா இருக்காது.

2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம்னு வீட்டுக்குள்ள வந்தது உங்களுக்குத் தெரியும். பீரோ கீழ்த்தட்டில் இருந்த ரொக்கப் புத்தகமும் பேரேடும் ஊறிப் போச்சு. மை பேனாவில் எழுதின பக்கமெல்லாம் வெறும் நீலம். அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர் பேச்சே வந்தது. என் தம்பிக்குக் கிடைச்ச அரசு லேப்டாப்பில், ஒரு காலேஜ் தம்பி குனுகேஷ்னு ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம், தெரிஞ்சவங்க திருத்தவும் செய்யலாம்.

அந்த மென்பொருளே கை மாறிக் கை மாறி வந்ததுன்னு அவர் சொன்னார். 1997-ல் ராபின் கிளார்க்னு ஒரு மாணவர் படிப்புக்காக எழுத ஆரம்பிச்சது. அப்போ பேர் எக்ஸ்-அக்கவுன்டன்ட். பிறகு வேற ஆட்கள் எடுத்து நடத்தி, 1998-ல் 1.0 வந்தது. 2003-ல் 1.8. அப்புறம் திரையில் தெரியுற பாகத்தையெல்லாம் புது முறைக்கு மாத்தி 2.0 வர 2006 ஜூலை ஆயிடுச்சு. மூணு வருஷத்துக்கு மேல! யார், எப்போ, எதுக்கு மாத்தினாங்கன்னு குறிப்பு எழுதி வைக்கிறதால, புதுசா வர்றவங்க விட்ட இடத்துல பிடிச்சுக்கறாங்களாம். நானும் ஒரு 80 பக்க நோட்டு எழுதி வச்சிருக்கேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்குங்க.

அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறதை இங்கே எல்லார் முன்னாடியும் சொல்லணும். இதுல ஒவ்வொரு வரவுக்கும் ரெண்டு பக்கம் உண்டு. ஒரு அக்கா 200 ரூபாய் சேமிப்பு கட்டினா கையிருப்பிலும் 200 ஏறணும், அவங்க சேமிப்புக் கணக்கிலும் 200 ஏறணும். ஒத்து வரலைன்னா மிச்சத்தை 'இம்பேலன்ஸ்'னு ஒரு கணக்கில் அதுவே தள்ளி வச்சிடும். நம்ம புத்தகத்தில் அங்கே 1,350 ரூபாய் நிக்குது.

அது வெள்ளத்தில் நனைஞ்ச ஒரு குழுவோடது. உறுப்பினர் 15 பேர் பாஸ்புக்கையும் வாங்கிக் கூட்டினா அந்த நவம்பர் சேமிப்பு 3,000. பேங்கில் போட்டது 1,650. மீதி எங்கே? ஒரு அக்காவுக்கு உள்கடன் கொடுத்தோம்னு சிலர் சொல்றாங்க. இல்லை, வெள்ளத்துல அரிசி, மருந்து வாங்கினோம்னு சிலர். அந்த அக்கா இப்போ உயிரோட இல்லை. மகள் அதே குழுவில் இருக்கா. கடன்னு எழுதினா அந்தப் பொண்ணு இத்தனை வருஷ வட்டியோட கட்டணும். செலவுன்னு எழுதினா 15 பேர் பணத்துலயும் குறையும். ரெண்டுமே கணக்காளர் முடிவு பண்ற விஷயமில்லை. குழு உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டாதான் அந்தத் தொகை நகரணும்.

தங்கைகளே, பேங்க் லோன் புதுப்பிக்கிற நேரத்துல அந்த 1,350 கண்ணை உறுத்தும். 'இதர செலவு'ன்னு மாத்திட்டா ஒரு நிமிஷத்துல சுத்தமாயிடும். கை பரபரக்கும். மாத்திடாதீங்க.

லோகாஸ் செயலியில்தான் ஏத்துறோமே, இது எதுக்கு ரெண்டாவது வேலைன்னு கேட்கிறவங்களுக்கு: அதுல ஒரு தேதியோட நிலுவையைப் போட்டு ஆரம்பிக்கிறோம். அந்த நிலுவை எப்படி வந்ததுங்கிற பழைய கதை இங்கேதான் இருக்கு.

மத்தது சின்னச் சின்ன விஷயம். லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போச்சு, ஒயரில்தான் ஓடும். கரண்ட் போய் வந்தா, ஃபைல் பூட்டியிருக்குன்னு சொல்லும். பயப்பட வேண்டாம். லேப்டாப் அணைஞ்சதால வந்ததுன்னு உறுதியானா திறக்கலாம். ஆனா பென் டிரைவில் ரெண்டு பேரும் தனித்தனியா எடுத்துட்டுப் போய் ஒரே வாரத்துல ஆளுக்கொரு பக்கம் எழுதாதீங்க, அப்புறம் எது சரின்னு கடவுளுக்கே தெரியாது. ஒரு பென் டிரைவ் எப்பவும் மாடி வீட்டு அக்காகிட்ட இருக்கட்டும்.

பாக்கி 7 குழுவில் நாலுக்கு நோட்டு சுத்தமா இருக்கு, அதை முதலில் எடுங்க. அந்த வெள்ளக் குழு கூடுறது மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அடுத்த கூட்டத்துக்கு நானும் பஸ் ஏறி வர்றேன். அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்க, அவ இல்லாத நேரத்துல அவங்க அம்மா பேரை எடுக்க வேண்டாம்.