போரை எதிர்ப்பவரெல்லாம் நமக்கு நண்பரா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்காவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அமெரிக்காவைத் திட்டுவது எளிது. இரண்டே நிமிடத்தில் கைதட்டல் வாங்கிவிடலாம். இன்று நான் அதைச் செய்யப் போவதில்லை. அமெரிக்க வலதுசாரிகள், தங்களைப் பழமைவாதிகள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள், தங்கள் நாட்டின் போர்களைப் பற்றித் தங்களுக்குள்ளேயே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு? 2025 ஜூன் மாதத்தில் நம் இளைஞர்கள் பலருடைய கைப்பேசிகளில் ஒரு காட்சி வலம் வந்தது. டக்கர் கார்ல்சன் என்ற வலதுசாரிப் பேச்சாளர், டெட் குரூஸ் என்ற குடியரசுக் கட்சி செனட்டரைப் பேட்டி காண்கிறார். ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்கிறார். குரூஸுக்குத் தெரியவில்லை. ஒரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்று வாதாடுகிறவருக்கு, அந்த நாட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது தெரியவில்லை! பார்த்தவர்கள் சிரித்தோம், மகிழ்ந்தோம். 'அமெரிக்காவிலும் நியாயவான்கள் இருக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பினோம்.

கேள்வி சரியான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதை நாம் விசாரித்தோமா? சரக்கு நன்றாக இருந்தாலும் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்காமல் கொள்முதல் செய்கிற வியாபாரி இந்தச் சபையில் உண்டா?

அந்தச் சரக்கின் ஊரைப் பார்ப்போம்.

அமெரிக்கப் பழமைவாதிகள் எப்போதுமே போர்வெறியர்கள் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1940 செப்டம்பரில் 'அமெரிக்கா முதலில்' என்ற பெயரில் ஒரு குழு தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் நடக்கும் போரில் நாம் தலையிடக் கூடாது என்பது அதன் முழக்கம். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும் அந்தக் குழு கலைந்து போனது. அதன் புகழ்பெற்ற பேச்சாளர் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். கலைவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அயோவா மாநிலத்தில் அவர் ஆற்றிய உரையில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் என்று ஆங்கிலேயரையும், யூதர்களையும், ரூஸ்வெல்ட் அரசையும் பழித்தார். போர் வேண்டாம் என்ற பேச்சுக்குள் ஒரு சமுதாயத்தின் மீதான வெறுப்பும் எப்படிக் கலந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இதைப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

போருக்குப் பிறகு ஒஹையோ மாநில செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949 இல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார். இவர் சாதாரண ஆள் அல்ல, குடியரசுக் கட்சியின் தூண். 1961 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கும்போது, இராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து நாட்டை ஆட்டிப் படைக்கும் அபாயத்தைப் பற்றி எச்சரித்த ஐசன்ஹோவரும் அதே கட்சிக்காரர்தான். இராணுவத் தளபதியாக இருந்த ஒருவரே அப்படிச் சொன்னார் என்பது சாதாரணமா?

பிறகு சோவியத் எதிர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது. சோவியத் சரிந்தபோதுதான் பழைய சண்டை மீண்டும் வெளியே வந்தது. சதாம் குவைத்துக்குள் புகுந்த 1990 ஆகஸ்டுக்குப் பிறகு, அமெரிக்கப் படைகள் அங்கே போகக் கூடாது என்று உரக்கப் பேசிய வலதுசாரி பேட் புக்கானன். நிக்சனுக்கு உரை எழுதியவர், ரீகனின் வெள்ளை மாளிகையில் பணியாற்றியவர். 1991 ஜனவரியில் செனட்டில் போர்த் தீர்மானம் 52க்கு 47 என்ற வாக்கில்தான் தப்பிப் பிழைத்தது. எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டுமே. மறு ஆண்டே புக்கானன் தன் கட்சியின் ஜனாதிபதியான தந்தை புஷ்ஷை எதிர்த்து நின்றார்.

எதிர்த் தரப்பில் நின்றவர்கள் 'புதிய பழமைவாதிகள்' எனப்படுவோர். அமெரிக்காவின் படைபலத்தால் உலகின் ஆட்சிகளை மாற்றி அமைக்கலாம் என்று நம்பியவர்கள். 1995 இல் வில்லியம் கிறிஸ்டல் 'வீக்லி ஸ்டாண்டர்ட்' என்ற வார இதழைத் தொடங்கினார். பணம் போட்டவர் ரூபர்ட் முர்டாக். சதாமை அகற்றுங்கள் என்று 1998 ஜனவரியில் கிளிண்டனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர்களில் ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ் ஆகியோரும் அடங்குவர். ஐந்தே ஆண்டுகளில் இந்த இருவரும் பென்டகனில் அமர்ந்து ஈராக் போரை நடத்தினார்கள். பத்திரிகையில் எழுதுவது வெறும் எழுத்து என்று நினைக்கும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2002 அக்டோபரில் ஈராக் போருக்கான தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133 என்று நிறைவேறியது. எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். செனட்டில் ஒரே ஒருவர், லிங்கன் சேஃபி. வெளியே புக்கானனும் நண்பர்களும் 'அமெரிக்கன் கன்சர்வேடிவ்' என்று ஒரு பத்திரிகையே தொடங்கிப் போரை எதிர்த்தார்கள். 'நேஷனல் ரிவ்யூ' இதழ் அவர்களைத் தேசபக்தி இல்லாதவர்கள் என்று சாடியது. உள்நாட்டிலேயே போரை எதிர்த்தால் துரோகி! இந்தப் பட்டம் எல்லா நாட்டிலும் ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது போலும்.

சகோதரர்களே! விஷயம் இங்கேதான் திருகுகிறது.

ஈராக்கை அழித்த மகன் புஷ், 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த ஆறாம் நாளே வாஷிங்டன் இஸ்லாமிய மையத்துக்குச் சென்று, இஸ்லாம் அமைதி மார்க்கம் என்று பேசினார். அதற்கும் முன்பு, 2000 தேர்தலில் என்ன நடந்தது? குற்றம் சாட்டப்பட்டவருக்கே காட்டாத ரகசிய ஆதாரங்களைக் கொண்டு முஸ்லிம்களும் அரபுகளும் சிறையில் அடைக்கப்படுவதை அவர் தொலைக்காட்சி விவாதத்தில் கண்டித்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளின் கூட்டணி அவருக்கு ஆதரவு அறிவித்தது. ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் அவர் ஜெயித்தபோது, 'எங்கள் வாக்குதான் அவரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது' என்று அங்குள்ள தலைவர்கள் சிலர் பெருமைப்பட்டார்கள். ஓராண்டு கழித்து பேட்ரியாட் சட்டம் வந்தது. பிறகு ஈராக்.

அப்படியானால் போரை எதிர்த்த புக்கானன் நம் நண்பரா? அதே புக்கானன்தான் குடியேறிகளுக்குக் கதவை மூட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதியவர். அவருடைய அமெரிக்காவில் பாக்தாத் மீது குண்டு விழாது, பாக்தாத்காரருக்கு விசாவும் கிடைக்காது. குண்டு வீசியவர் பள்ளிவாசலுக்கு வந்தார். குண்டு வேண்டாம் என்றவர் வாசலை அடைக்கச் சொன்னார். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைதான் அமெரிக்க முஸ்லிம்களுக்குத் திரும்பத் திரும்ப வாய்க்கிறது.

டிரம்ப் இந்த இரண்டையும் ஒரே ஆளாகச் செய்து காட்டினார். 2016 பிப்ரவரியில் தென் கரோலினா விவாத மேடையில், ஈராக் போர் மாபெரும் தவறு என்று புஷ்ஷின் தம்பி பக்கத்தில் நிற்கும்போதே முழங்கினார். கட்சிக்காரர்கள் கோபப்படுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அந்த மாநிலத்தை அவர் வென்றார். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதையே தடுக்க வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தார். 2017 ஜனவரியில் ஏழு நாட்டு மக்களுக்குத் தடை போட்டார். அதன் திருத்திய வடிவத்தை 2018 இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. 2021 இல் பைடன் வந்துதான் அதை நீக்கினார்.

அதே பைடனின் காஸா கொள்கையால் மனம் வெந்து, 2024 இல் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் பலர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். அரபுகள் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. அங்கே அவர் கமலா ஹாரிசை முந்தினார். போரை நிறுத்துவேன் என்று அவர் கொடுத்த வாக்கை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறவினரைக் குண்டுக்குப் பறிகொடுத்தவனிடம் போய் அரசியல் கணக்குப் பாடம் நடத்த முடியுமா? ஆனால் கணக்கு என்ன ஆயிற்று? 2025 மார்ச்சில் ஏமன் மீது குண்டுவீச்சு. ஜூன் 9 முதல் பன்னிரண்டு நாட்டினருக்கு நுழைவுத் தடை, அதில் ஏமனும் ஒன்று. டியர்பார்னில் ஏமனியர் எத்தனை ஆயிரம் பேர்! ஜூன் 22 அன்று ஈரானின் மூன்று அணுசக்தி நிலையங்கள் மீது தாக்குதல்.

அப்போதுதான் வலதுசாரிகள் மறுபடியும் இரண்டாகப் பிளந்தார்கள். கார்ல்சனும் ஸ்டீவ் பேனனும் தாக்குதலுக்கு எதிராகப் பேசினார்கள். கார்ல்சன் 2003 இல் ஈராக் போரை ஆதரித்துப் பின்னர் வருந்தியவர் என்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 அக்டோபரில் அவர் நிக் ஃபுவெண்டஸ் என்பவரைத் தன் நிகழ்ச்சிக்கு அழைத்து உட்கார வைத்தார். யூத வெறுப்பையும் வெள்ளை இனவெறியையும் பகிரங்கமாகப் பேசுகிற ஆள் அவர். லிண்ட்பெர்க்கை நினைவுபடுத்துகிறேன் என்றேனே, இதற்காகத்தான். இஸ்ரேல் அரசின் அக்கிரமத்தை நாம் எதிர்க்கிறோம். யூதர் என்ற பிறப்பை எதிர்ப்பது நம் வேலை அல்ல. அந்த வெறுப்பு நாளை யார் மீது திரும்பும் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வணிகர்களுக்கு உடனே விளங்கும். வானொலியில் ஒரு கருத்தைச் சொன்னால் மறுகருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1987 வரை இருந்தது. அது நீக்கப்பட்ட மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடெங்கும் ஒலித்தது. 1996 இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. இதெல்லாம் கொள்கை மட்டுமல்ல, கடை. கோபம்தான் அங்கே விற்கும் சரக்கு. வாடிக்கையாளர் விரும்புவதையே கொடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸ், 2020 தேர்தல் பற்றிப் பரப்பிய பொய்க்காக ஒரு வாக்கு இயந்திர நிறுவனத்துக்கு 2023 இல் 78 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த வாரமே கார்ல்சனை வெளியேற்றியது. அவர் சொந்தக் கடை போட்டார். ஈரானின் மக்கள்தொகைக் கேள்வி அந்தக் கடையில் விற்ற சரக்குதான்.

நம் ஊருக்கும் இது வந்து சேர்ந்தது. 'அமெரிக்கா முதலில்' என்பதில் அயல்நாட்டுப் போர் வேண்டாம் என்பது ஒரு பாதி. அயல்நாட்டுப் பொருள் வேண்டாம் என்பது மறுபாதி. 1993 இல் மெக்சிகோ, கனடாவுடனான வணிக ஒப்பந்தத்தை எதிர்த்த புக்கானன், சுங்கவரியைக் கூட்டு என்று அப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமானபோது ஆம்பூர், வாணியம்பாடி தோல் வணிகர்களும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் பட்ட பாட்டை நான் இங்கு விளக்க வேண்டியதில்லை. போரை எதிர்த்த அந்தப் பேச்சைக் கேட்டு நாம் கைதட்டினோம். அதே பேச்சின் மறுபாதி, சரக்கை ஏற்ற முடியாமல் கிடங்கில் கிடக்கச் செய்தது.

எல்லோரும் கடைக்காரர்கள்தானா என்று ஒரு தம்பி முன்வரிசையிலிருந்து சைகை செய்கிறார். இல்லை தம்பி. 2025 ஜூனில் ஈரான் மீது தாக்குதல் நடப்பதற்கு முன்பே, காங்கிரசின் அனுமதியின்றிப் போர் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார் கென்டக்கி குடியரசுக் கட்சி உறுப்பினர் தாமஸ் மாசி. கூடச் சேர்ந்தவர் ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னா. மாசி முஸ்லிம்களுக்காகப் பேசவில்லை, தம் நாட்டு அரசியல் சட்டத்துக்காகப் பேசினார். எனக்கு அது போதும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் நாளைக்கும் அதையே பேசுவார் என்று ஓரளவு நம்பலாம். ஆளைப் பிடித்துப் பேசுகிறவரை நம்ப முடியாது.

வால்டர் ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்தார். வட கரோலினாவின் குடியரசுக் கட்சிக்காரர், பெரிய இராணுவ முகாம் உள்ள தொகுதி. 2003 இல் ஈராக் போரைப் பிரான்ஸ் எதிர்த்தது என்பதற்காக, நாடாளுமன்ற உணவகத்தில் 'ஃபிரெஞ்சு ஃபிரைஸ்' என்ற உருளைக்கிழங்கு வறுவலுக்கே 'சுதந்திர வறுவல்' என்று பெயர் மாற்ற வைத்தவர்! பிறகு ஒரு சிப்பாயின் அடக்கத்துக்குப் போனார். அந்த விதவையையும் குழந்தைகளையும் பார்த்தார். போருக்கு வாக்களித்த அதே மனிதர் 2005 முதல் அதை எதிர்த்தார். கட்சி அவரை ஒதுக்கியது. இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். அவர் அலுவலகத்துக்கு வெளியே அவர்களின் படங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார். 2019 பிப்ரவரியில் இறக்கும்வரை அவர் பழமைவாதியாகவே இருந்தார். அவரைப் பற்றிய காட்சி எதுவும் என் கைப்பேசிக்கு இதுவரை யாரும் அனுப்பியதில்லை.