ஒரு சொட்டுத் தண்ணீரும் மேற்பரப்பு வேதியியலும்

நம் நெருப்பெரிச்சல் பிள்ளைகளிடம் வெளுக்காத பனியன் துணியும் வெளுத்த துணியும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். முதலாவதில் சொட்டு உருண்டு நிற்கும், இரண்டாவது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் பருத்திதான், இழையின் மேலிருந்த இயற்கை மெழுகை நீக்கியதே வேறுபாடு.

நுண்சில்லு ஆய்விலும் இதே கருத்துதான். பாலிஸ்டைரீனும் பி.எம்.எம்.ஏ.வும் இணைந்த பலபடிச் சங்கிலிகள், மெல்லிய படலத்தில் தாமாகவே அடுக்குகளாகப் பிரியும். அடியிலுள்ள சிலிக்கான், இரண்டில் ஒன்றை மட்டும் ஈர்த்தால் அடுக்குகள் படுத்துவிடும். 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டையும் சமமாக ஏற்கும் பூச்சைச் சிலிக்கான்மீது அமைக்க வழிகண்டனர். அத்தகைய பூச்சின்மேல் அடுக்குகள் நிமிர்ந்து நின்றன.

சாயப்பட்டறையில் பெற்றோர் தினமும் செய்வதும் மேற்பரப்பு வேதியியல்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அந்த வேலையும் மதிப்புப் பெறும், பாடமும் சொந்தமாகும்.