கந்தோர் ஏடுகளும் குடிமக்களும்



மலைநாட்டுத் தோட்ட மக்களின் கதையைச் சொல்லப் புகுவோர் தேயிலையில் தொடங்குவர். கோப்பியில் தொடங்குவாரும் உளர். நான் ஒரு சிறு கடதாசியில் தொடங்குகிறேன். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவன் பேரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனை ஏற்றுக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தொழிலாளியின் வாழ்வே அச்சீட்டில் அடங்கியிருந்தது. ஆயினும் அது தங்கியிருந்த இடம் கங்காணியின் மடி. 1921 இல் சட்டம் அதனை ஒழித்தது.

துண்டு ஒழிந்த பின்னரும் கடதாசி நம்மை விட்டபாடில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான 3 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமானவராயின் ஏழாண்டு, மணமாகாதவராயின் பத்தாண்டு இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுக என்றது அச்சட்டம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் மனுக்கள் சென்றன. 1964 வரையில் குடியுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேர். சான்று காட்டுக என்றால் எங்கே போவது? பேர் பதிந்த செக்ரோலும் பிறப்பு இறப்புக் குறிப்புகளும் தோட்டக் கந்தோரின் அலுமாரியில் அல்லவா இருந்தன! அந்த அலுமாரியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கும் அதிகாரம் நம் பாட்டனார்க்கு இருக்கவில்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால்தான் தீர்ந்தது.

இத்தனையும் பழங்கதையாயிற்றே, இன்று எதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. ஒரு நூற்றாண்டுக் காலம் பிறர் நம்மிடம் கடதாசி கேட்டனர். இப்பொழுது நாம் அவர்களிடம் கேட்கலாம் என்று ஒரு சட்டம் சொல்கிறது. அது குடிமக்களுக்கென்றே இயற்றப்பட்ட சட்டம். ஆதலின், குடியுரிமையை இத்துணைப் பாடுபட்டுப் பெற்றவர்கள் அதனை அறியாதிருத்தல் தகாது.

2015 ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது திருத்தம், தகவல் பெறும் உரிமையை 14அ என்னும் உறுப்புரையாக நமது அரசியலமைப்பிற் சேர்த்தது. அதன் வழியில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் பிறந்து, 2017 பெப்ரவரி 3 ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அமைச்சு, திணைக்களம், கச்சேரி, பிரதேச செயலகம், நகர சபை, பிரதேச சபை, அரசாங்கப் பாடசாலை யாவும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே.

பாடசாலையும் உட்பட்டது என்றேன். அதனை நான் சட்டப் புத்தகத்திற் படித்து அறியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வலயக் கல்விக் கந்தோர் வழியாக ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. எம் பாடசாலைக் கூரை திருத்தத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் செலவிட்ட பணத்தின் பற்றுச்சீட்டுகளை ஒருவர் கேட்டிருந்தார். அவர் எம் மாணவி ஒருத்தியின் தந்தை. மலையில் கவ்வாத்து வெட்டுபவர். மறைக்காமற் சொல்லுகிறேன், எனக்குச் சினம் மூண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்த என்னையா இவர் ஐயுற்றார் என்று அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்தேன். தகரம் வாங்கிய சீட்டு ஒன்று அதில் இல்லை! பணம் எங்கும் போய்விடவில்லை, சீட்டுத்தான் தவறியிருந்தது. கடைக்காரரிடம் நடந்து அதன் பிரதியைப் பெற மூன்று நாட்கள் சென்றன. பின்னர் அத்தந்தையார் வந்து, நின்றபடியே ஒவ்வொரு தாளையும் பார்த்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. பார்த்து முடித்து, “சேர், மத்தத் தாய் தகப்பன்மாருக்கும் இதக் காட்டலாமா?” என்று கேட்டார். அன்று முதல் தவணைதோறும் சங்கத்தின் கணக்கு எமது அறிவித்தற் பலகையில் தொங்குகிறது. மேசைக்கு அப்பாலிருப்பவருக்கு இத்தகைய விண்ணப்பம் எப்படித் தோன்றும் என்பதை அன்று கற்றேன். ஆதலால், உங்கள் விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் உத்தியோகத்தர் முகஞ்சுளித்தால் அதனைப் பெரிதாக எண்ணற்க.

இனி, வழிமுறைக்கு வருவோம்.

முதலாவதாக, எந்தக் கந்தோர் என்று தெளிதல் வேண்டும். லிந்துலை நகரில் குடியிருப்பவருக்குத் தலவாக்கலை-லிந்துலை நகர சபை. நகர எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குப் பிரதேச சபை. 2018 ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி நுவரெலியாப் பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து, அக்கரப்பத்தனை, கொட்டகலைச் சபைகள் புதிதாகத் தோன்றின. அம்பகமுவையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியாச் சபைகள் பிரிந்தன. அதற்கு முந்திய காலத்து ஏடுகளை வேண்டுவோர், அவை இப்பொழுது எச்சபையிடம் உள்ளன என்பதையும் ஒரு வினாவாக எழுதிவிடுதல் நலம். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளுக்கு இச்சட்டம் வேண்டியதில்லை. அவற்றுக்குப் பிரதேச செயலகத்து மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தனிப் படிவமும் தனிக் கட்டணமும் உண்டு.

தோட்டப் பாதைக்கும் சபைக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் சிலர் கேட்கின்றனர். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இயலாது என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது உண்மையே. 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே, திருத்தத்துக்குப் பின் எங்கள் பிரிவுக்கு என்ன செலவிட்டீர்கள் என்று கேட்பதற்கு இடமுண்டு.

கேட்கும் முறையில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். “எங்கள் பாதையை ஏன் செப்பனிடவில்லை?” என்று எழுதினால், நிதி இல்லை என்ற ஒரு வரியோடு மறுமொழி முடிந்துவிடும். அது முறைப்பாடு. சட்டம் தருவது ஏடு; ஆகவே ஏட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதலாம்:

“தகவல் அலுவலர் அவர்கட்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பின்வருவனவற்றின் பிரதிகளை வேண்டுகிறேன். பிரதான வீதியிலிருந்து இன்ன தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்குச் செல்லும் பாதையின் மதகு வேலை தொடர்பாக, 2022 சனவரி முதல் 2024 டிசம்பர் வரை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடு. ஒப்பந்தக்காரருக்குச் செய்த கொடுப்பனவின் வவுச்சர்கள். வேலை முடிந்தமைக்கான சான்று. இவ்வேலை பற்றிப் பேசப்பட்ட சபைக் கூட்டறிக்கைப் பகுதி. தமிழ் மொழியில் வேண்டுகிறேன்.”

இதன் கீழே பெயர், முகவரி, திகதி, கையொப்பம். வேறொன்றும் வேண்டா. எதற்காகக் கேட்கிறீர் என்று காரணம் சொல்லும் கடமை உமக்கு இல்லை என்று 24 ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ‘ஆர்.டி.ஐ. 01’ என்றொரு படிவம் உண்டு. அது கிடைக்காவிடில் வெறுந்தாளும் போதும். சபையில் தகவல் அலுவலர் நியமிக்கப்படவில்லை என்பாராயின், நிறுவனத் தலைவரே அவ்வலுவலராகக் கொள்ளப்படுவார்.

இந்தியாவில் ஏழைத் தொழிலாளர் இதே வகையாகத்தான் ஏட்டைப் பெயர் சொல்லிக் கேட்டனர். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, அரசாங்கப் பணிகளின் பேரேட்டை 1994 இல் ஊர் நடுவே வாசிக்கச் செய்தது. நம் செக்ரோலைப் போன்ற வருகைப் பதிவேடு அது. வேலைக்கு வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரார் தம் காதாற் கேட்டனர். 1996 இல் பேயாவர் நகரில் நாற்பது நாள் மறியல் இருந்தனர். 2005 இல் இந்தியா முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் கேட்டுப் பழகிய நமக்கு அக்காட்சி விளங்காததன்று.

தமிழில் கேட்டால் தமிழில் தருவார்களா என்னும் ஐயமும் பலர்க்கு உண்டு. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள இடங்களிலும், ஒருவர் தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறவும், பிரதி பெறுதற்கு உரிமையுள்ள ஏட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பில் பெறவும் உரிமை அளித்திருக்கிறது. நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர் குறைவு, தாமதம் நேரும். அவசரமாயின், சிங்கள மூலத்தையே பெற்று வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுதல் விரைவான வழி.

விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன், பெற்றுக்கொண்டமைக்கு எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபாற்சீட்டைப் பேணுங்கள். நாட்கணக்கு அதிலிருந்தே தொடங்கும். பதினான்கு வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். போயாவும் வார இறுதியும் இக்கணக்கிற் சேரா. தருவதாக முடிவாகிக் கட்டணமும் செலுத்தினால் மேலும் பதினான்கு நாட்களுள் தருதல் வேண்டும். ஏடு மிகப் பெரிதாயின் 21 நாட்களுக்கு மேற்படாமல் நீட்டலாம். 2017 இல் வெளியான விதிகளின்படி முதல் நான்கு பக்கங்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஏ4 தாளின் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபா. தபாலும் பஸ் கூலியுந்தான் பெருஞ்செலவு.

உயிருக்கு இடர் என்றால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் மறுமொழி தரவேண்டும் என்றும் சட்டம் விதித்திருக்கிறது. அவ்விடரையும் அதற்கான காரணத்தையும் விண்ணப்பத்தில் எழுதுதல் அவசியம். இவ்விதியை மலைநாட்டார் மனத்தில் இருத்த வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் அவ்விடத்தைப் பற்றி எச்சரிக்கை செய்யப்பட்டிருந்ததென்று அதிகாரிகள் பின்னர் கூறினர். எச்சரிக்கை எந்தக் கோப்பில் இருந்ததோ, மக்கள் லயத்திலேயே இருந்தனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பல இடிந்தன. நம் லயம் நிற்கும் சரிவைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டதா, அறிக்கை என்ன சொல்கிறது, குடிபெயர்க்கப் பரிந்துரைத்ததா என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரேனும் பிரதேச செயலகத்தையும் அந்நிறுவனத்தையும் எழுத்தில் கேட்டு வைத்தல் வேண்டும். அடுத்த மழைக்கு முன் கேட்டல் வேண்டும்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. பிறரது சொந்த வாழ்வுக்குரிய விடயங்கள், நாட்டின் பாதுகாப்பு முதலியவை 5 ஆம் பிரிவினால் விலக்கப்பட்டுள்ளன. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அவற்றையும் தரலாம். தோட்டங்களை நடத்தும் தனியார் கம்பனியின் ஏடுகளை நேரே கேட்பதும் எளிதன்று. அக்கம்பனி தொழில் திணைக்களத்துக்கோ சபைக்கோ அனுப்பிய தாள், அரசாங்கத்தின் கையில் உள்ள தாளாகிவிடுகிறது. அதனை அங்கே கேட்கலாம். அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் நடத்தும் தோட்டங்களின் நிலை வேறு. அவை தாமே சட்டத்துக்கு உட்பட்டவை.

மறுத்தாலோ வாளாவிருந்தாலோ, பதினான்கு நாட்களுள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்க. அவருக்கு மூன்று வாரம். அவரும் மறுத்தால், இரண்டு மாதத்துள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பெரும்பாலோர் முதற் படியிலேயே சலித்து நின்றுவிடுகின்றனர். அடுத்த கடிதம் வரும் என்று தெரிந்த கந்தோர், முதற் கடிதத்துக்கே கோப்பைத் தேடத் தொடங்கும் என்பது மேசைக்கு அப்பால் இருந்து நான் கண்ட உண்மை.

எழுதத் தெரியாதவர் என் செய்வர்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நேரிற் சென்று வாயாற் சொன்னால், அதனை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கந்தோர்ப் படியேறக் கூச்சமாயிருந்தால், உங்கள் பிரிவுப் பாடசாலையின் ஆசிரியரிடம் செல்லுங்கள். எம் பாடசாலையில், பிள்ளைகள் வீடு சென்ற பின் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நானும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். கொழுந்து நிறுத்து முடித்து வரச் சுணங்குமாயின் ஐந்து மணி வரையிலும் கதவு திறந்திருக்கும். வரும்பொழுது பாதையின் பெயரையும் ஆண்டையும் மாத்திரம் விசாரித்து வாருங்கள்; தாளும் பேனையும் எம்மிடம் உண்டு.