முதல் கீமோவுக்குத் துணை



பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் புகையிலையைப் பற்றிச் சொல்வார்கள், முன்கூட்டியே பரிசோதிப்பதைப் பற்றிச் சொல்வார்கள். அவை அவசியம் சொல்லப்பட வேண்டியவை. எனக்குப் பின் பேசவிருக்கும் டாக்டர் அவற்றை நன்றாகவே சொல்வார். நான் பேச வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. நோய் உறுதியாகி, தேதி குறித்து, கையில் ஊசி ஏறுகிற முதல் கீமோ நாள். மார்பகப் புற்றுநோய்க்காக அந்த நாளைக் கடந்து வந்தவள் நான். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கீமோ என்றதும் நம் மனத்தில் ஓடுவது சினிமாதான். கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், கடைசி ரீலில் போய்ச் சேர்ந்துவிடுவான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்வார், எத்தனை சைக்கிள், எத்தனை நாள் இடைவெளி என்று சொல்வார், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார். அவர் மேல் குறை இல்லை. அறைக்கு வெளியே அத்தனை பேர் காத்துக்கிடக்கிறார்கள். ஆனால் நம் மனத்தில் உருளும் கேள்விகள் வேறு. ஊசி போட்ட கையோடு சாத்தூர் பஸ்ஸில் ஏறலாமா? பஸ்ஸிலேயே வாந்தி வந்துவிட்டால் என்ன செய்வது? பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? முடி இன்றைக்கே கொட்டிவிடுமா? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கக் கூச்சம். வீட்டாரிடம் கேட்கலாம் என்றால் அவர்கள் நம்மைவிடப் பயந்துபோய், முகத்தில் காட்டாமல் நிற்கிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் சொன்னவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அக்கா. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். அவருக்குக் கீமோ முடிந்திருந்தது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு வரை போட வேண்டிய இன்னொரு மருந்துக்காக வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "மொத தடவையா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"டீச்சர், ஊசி ஏறுற எடத்துல காந்துச்சுன்னா அந்த நிமிசமே சிஸ்டரக் கூப்பிடுங்க. அவுக வேலையா இருக்காகளேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது." இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய வார்த்தை என்று மேடையில் இருக்கும் டாக்டர்களுக்குத் தெரியும். சில மருந்துகள் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். பொறுத்துப் போவதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, இங்கே பொறுக்கக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எனக்கு எழுதியிருந்தது டாக்ஸோரூபிசின். செக்கச்செவேல் என்று இருக்கும். வார்டில் எல்லாரும் 'செவப்பு மருந்து' என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் அதைக் கொண்டுவருவதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார்: "பாத்ரூம் போனா செவப்பாப் போகும். ரத்தம்னு நெனச்சி அலறிராதீங்க. மருந்துதான் எறங்குது. ஒருநா ரெண்டுநாள்ல நின்னுரும், தண்ணி மட்டும் நெறையக் குடிங்க." அவர் சொல்லாமல் விட்டிருந்தால், அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக் கழிப்பறையில் நான் மயங்கி விழுந்திருப்பேன்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடக் கூடாது, டாக்டர் எழுதிக்கொடுத்த நேரத்துக்கு, வருவதற்கு முன்பே போட வேண்டும் என்றார். முதல் நாள் தெம்பாக இருக்கிறதே என்று துணிமணியெல்லாம் அள்ளிப் போட்டுத் துவைக்கக் கூடாது, அசதி மூன்றாம் நாள்தான் வந்து ஆளைச் சாய்க்கும் என்றார். அதற்குக் காரணமும் உண்டு. கீமோவோடு ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும் வரை ஒரு பொய்த் தெம்பு இருக்கும், தூக்கமும் வராது. அது இறங்கியதும் உடம்பும் இறங்கும். வாய்ப்புண் வராமலிருக்க வெந்நீரில் உப்பும் ஆப்பசோடாவும் கொஞ்சம் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். ரயிலில் போனால் மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டி ஸ்லீப்பரில் கட்டணமே இல்லாமல் போகலாம், கூட வருபவருக்கும் சலுகை உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் நிரப்பியவளுக்கு அது தெரியவில்லை, பாருங்கள்!

தெர்மாமீட்டர் விஷயத்தில் மட்டும் அவர் குரல் கண்டிப்பாக மாறியது. "வீட்டுக்குப் போற வழியிலயே மெடிக்கல்ல ஒண்ணு வாங்கிருங்க. நூத்திச் சொச்சம் காட்டுச்சுன்னா, ராத்திரி ஒரு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். மாத்திரையப் போட்டுட்டு விடியட்டும்னு படுத்திராதீங்க." கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துபோகும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் கிடையாது. சில மணி நேரத்தில் ஆள் கைமீறிப் போய்விடக்கூடிய அபாயம் அது. டாக்டர் தந்த தாளிலும் இது அச்சடித்திருந்தது. தாளில் படித்தபோது பத்தோடு பதினொன்றாகத் தெரிந்த வரி, அக்காவின் வாயில் கேட்டபோது உயிர்க்காரியமாகிவிட்டது.

கடைசியில், கேட்கத் துணியாமல் நான் அடக்கி வைத்திருந்த கேள்வியையும் அவரே எடுத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு விரல்கடை அளவுக்குப் புதுமுடி, கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு முளைத்த புல்லைப்போல அடர்த்தியாக, சுருள் சுருளாக. "தொட்டுப் பாருங்க டீச்சர்," என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "எனக்கு முன்னால சுருட்ட முடியே கெடயாது. இப்பிடி வந்திருக்கு! உங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும். கொத்தாக் கையில வரும்போது மனசு தாங்காது. அதனால முன்கூட்டியே கட்டையா வெட்டிருங்க." என் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்றொரு கை அவர் தலைமேல் இருந்தது. எந்த மருத்துவ நூலாலும் அந்த நிமிடத்தில் எனக்கு அந்த அளவு நம்பிக்கையைத் தந்திருக்க முடியாது.

நண்பர்களே, டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டுவதை எங்கிருந்தோ வந்த விஷம் என்று நினைத்து நடுங்குகிறோம். அதன் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தி வந்தார் என்பதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தவர். அவர் அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தம் குழுவோடு உருவாக்கித் தந்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அதன் பலன் உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அவர் குழுவிலிருந்தே வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் வார்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, நம் காலடியிலேயே இருக்கிறது. சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்க மாட்டோமே, அந்த நித்தியகல்யாணி! அதிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள். நம் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் அதைப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் விற்கிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே அதைப் பறித்த கைகள் இருக்கலாம். ஆனால் ஒன்று, பூவும் இலையும் மருந்து ஆகிவிடாது. ஆய்வுக்கூடத்தில் பிரித்து, அளந்து, ஊசியில் ஏற்றினால்தான் மருந்து. யாரும் வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு.

கஷாயம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வார்டு வராந்தாவில் நல்ல அக்காக்கள் மட்டும் இருப்பதில்லை. "முள்சீத்தா இலையக் குடி, ஊசியே வேணாம்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அந்த யோசனை ஆளைக் கொன்றுவிடும். சக நோயாளி தன் அனுபவத்தைச் சொல்லலாம். மருந்து சொல்லக் கூடாது, மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. என்னுடைய அக்கா அந்தக் கோட்டை ஒரு முறைகூடத் தாண்டியதில்லை. "இத டாக்டர்ட்ட கேளுங்க" என்று எத்தனையோ கேள்விகளுக்குச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கு மருந்து அவஸ்தையும் வேறு. குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவருக்கு ஃப்ரிஜ்ஜைத் திறந்தாலே விரல் சுருக்கென்று குத்தும், குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்காது. அதைச் சொல்ல அதே மருந்தை ஏற்றிக்கொண்ட இன்னொருவர் வேண்டும். நான் போதாது.

இதை ஓர் ஏற்பாடாகச் செய்யலாம் என்று 1952இலேயே நியூயார்க்கில் ஒரு பெண்மணிக்குத் தோன்றியிருக்கிறது. டெரீஸ் லாஸர் என்பது பெயர். மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், தன்னைப்போல அறுவை செய்துகொண்ட பெண்களை மருத்துவமனைக்கே தேடிப் போனார். கைப்பயிற்சிக்கு ஒரு சின்ன ரப்பர் பந்தும் கயிறும் கொண்டுபோவார். "நான் நன்றாக இருக்கிறேன், பார்" என்று காட்டுவார். சில மருத்துவர்களுக்குக் கோபம் வந்தது. அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுப்பினார். 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம். டாக்டர் சாந்தா அம்மா 2021இல் மறையும் வரை தன் வாழ்நாளையே அங்கே கரைத்தார். மருத்துவத்துக்கு நமக்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். துணைக்குத்தான் இன்னும் வழி செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? நாம் ஒளிக்கிறோம். "வெளியே சொல்லாதே, பிள்ளைக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள்" என்கிறோம். மதுரைக்கு ஊசி போடப் போகிறவர் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறார். அதே பஸ்ஸில் இரண்டு சீட்டு தள்ளி இன்னொருவர், அவரும் அதே ஆஸ்பத்திரிக்கு, அவரும் அதே பொய்யோடு. வார்டில் நேருக்கு நேர் பார்த்து இருவரும் திகைத்துப்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே தெரு! ஒருவர் சிகிச்சையில் பாதி தூரம் வந்துவிட்டவர், மற்றவருக்கு அன்றுதான் முதல் ஊசி. முந்தின வாரமே தெரிந்திருந்தால் முதல் ஊசிக்கு வந்தவர் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்!

நேற்று பிப்ரவரி 3. அறிஞர் அண்ணா மறைந்த நாள். அவருக்கு வந்தது புற்றுநோய் என்பது 1968இல் தமிழ்நாடு முழுவதற்கும் தெரியும். நியூயார்க்கில் சிகிச்சை பெற்றுத் திரும்பியதும் தெரியும். யாரும் அதனால் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் புற்றுநோய்க்கான அரசு மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. முதலமைச்சரின் நோயை நாடே அறியலாம், நம் வீட்டு மருமகளின் நோயை மட்டும் அடுத்த வீடு அறியக் கூடாதா?

ஆண்களுக்கும் சொல்கிறேன். பெண்கள் கீமோ வார்டில் அரை மணி நேரத்தில் அக்கா தங்கையாகிவிடுகிறார்கள். ஆண்கள் பக்கம் போனால் ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் வந்தவரால் பேசவும் முடிவதில்லை. அவர்களுக்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார ஓர் அண்ணன் அவசரமாகத் தேவை.

ஆகவே இந்த அவையிடம் நான் இரண்டு கேட்கிறேன். மருத்துவமனை நடத்துகிறவர்கள், முதல் கீமோவுக்கு வருகிறவரின் கட்டிலருகே, சிகிச்சை முடித்த ஒருவர் உட்கார ஒரு நாற்காலி போட அனுமதியுங்கள். அவருக்கு என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். அடுத்தது நம் ஊருக்கு. இந்த வாசகர் வட்டத்தைக் கட்டிக்காத்துவரும் நூலகர் அம்மா சனிக்கிழமை மாலைகளில் மாடி அறையைத் தருவதாகச் சொல்லிவிட்டார். மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சிகிச்சை முடித்தவர்கள் உங்கள் போன் நம்பரையும், எந்த மருந்து போட்டீர்கள் என்பதையும், எந்த நேரத்தில் பேசலாம் என்பதையும் எழுதுங்கள். பெயர் எழுத விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். நோட்டு நூலகரின் அலமாரியில் பூட்டியிருக்கும், தேவைப்படுகிறவருக்கு மட்டும் நம்பர் போகும்.

நம் ஊரிலிருந்து ஒரு பெண் வருகிற வாரம் முதல் கீமோவுக்குப் போகிறார். என்னிடம் பேசினார். அவருக்கு எழுதியிருப்பது நான் போட்ட மருந்து இல்லை. அதைப் போட்டவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.